முதல் மழைக்கு எந்த முன்னறிவிப்பை நம்பலாம்? ராமநாதபுரம் கரைக்கான மதிப்பீடு

புரட்டாசிக் கடைசியில் கச்சான் என்னும் மேற்குக் காற்று ஓய்ந்து கொண்டல் என்னும் கீழைக்காற்று எட்டிப் பார்த்ததும், கரையில் எல்லோரும் முதல் மழைக்குக் காத்திருப்பார்கள். புழுதியில் நெல் விதைத்தவருக்கு அது வர வேண்டும். வாலிநோக்கத்தில் உப்பைக் குவித்து வைத்தவருக்கும் மண்டபத்தில் கருவாடு காயப்போட்டவருக்கும் அது எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். இதற்கெல்லாம் கையில் இருப்பவை இரண்டு: சென்னை வானிலை மையத்தின் அறிக்கை, ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸின் (INCOIS) கடல்நிலை அறிவிப்பு. இரண்டும் இலவசம்.

'வடகிழக்குப் பருவமழை தொடங்கியது' என்ற அறிவிப்பை வைத்து உங்கள் வயலைக் கணக்குப் போடாதீர்கள். தென்மேற்குப் பருவம் விலகி, கரையில் கீழைக்காற்று நிலைத்து, மாநிலத்தில் பரவலாக மழையும் பெய்தால் அதை அறிவிப்பார்கள். சராசரித் தேதி அக்டோபர் 20. அந்த நாளில் திருவாடானையில் ஒரு தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். விதைத்தவர் பார்க்க வேண்டியது மாவட்டவாரி முன்னறிவிப்பை.

அதில் பலர் தவறுவது தேதியில். வானிலை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. 20ஆம் தேதிக்கு மாவட்டத்துக்கு ஆரஞ்சு நிற மழை எச்சரிக்கை என்றால் 21ஆம் தேதி விடியற்கால மழையும் அதில் சேர்த்தி. 20ஆம் தேதி இரவு வானம் வெளுத்துவிட்டதே என்று உப்புக் குவியலின் மூடாக்கை எடுத்தால் விடிவதற்குள் கரைந்துவிடும். கனமழை என்றால் 64.5 மி.மீ. முதல், மிகக் கனமழை 115.6 முதல், அதிகனமழை 204.4-க்கு மேல்.

இந்தச் சேவையின் பெரிய குறை, மாவட்டம் முழுக்க ஒரே நிறம். 2024 நவம்பர் 21 காலை 8.30 வரையான ஒரு நாளில் ராமேஸ்வரத்தில் 44 செ.மீ., தங்கச்சிமடத்தில் 34, மண்டபத்தில் 27. இருபது கிலோமீட்டருக்குள் இவ்வளவு வித்தியாசம். ரேடார் படமும் இங்கே முழுத் துணை ஆகாது. காரைக்கால் ரேடாரிலிருந்து பாம்பன் 190 கி.மீ.க்கு மேல், பூமியின் வளைவால் அதன் கதிர் இங்கே வரும்போது ஏறத்தாழ நான்கு கி.மீ. உயரத்தில் போகிறது. தாழ்ந்த மேகத்தில் பெய்யும் மழை படத்தில் வெளுத்தே தெரியும்.

கடலுக்குப் போகிறவருக்கு இன்காய்ஸ்தான் மேல். ஆனால் அலை உயரத்தை மட்டும் படித்தால் ஏமாந்துபோவீர்கள். அறிவிப்பில் 1.5 மீட்டர் என்பது எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் இருமடங்கு வரை எழும்பலாம். பக்கத்திலேயே ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான விநாடிக் கணக்கு இருக்கும், அதையும் பாருங்கள். தென்கடலில், மன்னார் வளைகுடாவில், 10 விநாடிக்கு மேல் என்றால் நீண்ட உருளல். வல்லம் (நாட்டுப்படகு) ஏறி இறங்கிவிடும். வடகடல், அதாவது பாக் விரிகுடா, பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம். வாடைக் காற்றில் அங்கே அதே உயர அலை 4, 5 விநாடிக்கு ஒன்றாக, செங்குத்தாக வந்து அணியத்தில் (படகின் முன்முனையில்) அடிக்கும். ஏழு மீட்டர் வரை அகலமுள்ள படகுகளுக்கு இன்காய்ஸ் தனியாகத் தரும் சிறுபடகு எச்சரிக்கை இந்தச் செங்குத்தையும் கணக்கில் சேர்க்கிறது. நாட்டுப்படகுக்காரர் முதலில் திறக்க வேண்டிய பக்கம் அதுதான்.

காற்று வேகம் 'நாட்' (knot) அலகில் இருந்தால் 1.85-ஆல் பெருக்கி மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஆக்குங்கள். மீனவர் எச்சரிக்கையில் மணிக்கு 45 கி.மீ. என்ற எண் வந்துவிட்டால் கடலுக்குப் போக அனுமதி டோக்கனுக்குக் காத்திருக்கவே வேண்டாம்.

ஐப்பசியின் முதல் மழை பெரும்பாலும் பிற்பகல் இடியோடு வரும். அதற்கு வானிலை மையத்தின் மூன்று மணி நேர அறிவிப்பே சரியான துணை. செல்போன் சிக்னல் விட்டுப்போன பிறகு படகில் அதைப் பார்க்க வழியில்லை. கரையில் ஒருவர் பார்த்து வி.எச்.எஃப். ரேடியோவில் சொல்லும்படி புறப்படும் முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.