லூமென் போடாத பல்புப் பெட்டியை வாங்காதீர்கள்

எல்இடி பல்பு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். வீடு முழுக்கப் பல்பு மாற்ற ஒரே கடையில் மொத்தமாக வாங்கி, நன்றாக ஏமாற்றப்பட்டிருக்கிறேன்.

படுக்கையறைக்கு மஞ்சள் வெளிச்சம்தான் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டேன். கடைக்காரர் மஞ்சள் ஒன்றையும் வெள்ளை ஒன்றையும் அடுத்தடுத்து எரியவிட்டு, "பாருங்க சார், வெள்ளைக்குத்தான் பவர். மஞ்சள்ல வெளிச்சமே வராது" என்று அடித்துச் சொல்லி, எல்லா அறைக்கும் வெள்ளையையே தலையில் கட்டிவிட்டார்.

அவர் சொன்னது பொய். வெளிச்சத்தின் அளவு லூமென், நிறம் கெல்வின். இரண்டும் வேறு வேறு. 2700 கெல்வின் என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள், 4000 நடுத்தர வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. 800 லூமென் எந்த நிறத்திலும் 800 லூமென்தான். ஒரே ரகத்தில் மஞ்சளுக்கு லூமென் சற்றுக் குறைவதுண்டு, ஆனால் அது சிறு வித்தியாசம். நீலம் கலந்த வெளிச்சம் கண்ணுக்குத் தூக்கலாகத் தெரியும். அதை வைத்தே வியாபாரம் நடக்கிறது. படுக்கையறையில் அந்த வெள்ளை வேண்டாம் என்பதற்குக் காரணமும் இருக்கிறது: இரவில் நீல ஒளி அதிகம் பட்டால், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பது குறையும்.

அடுத்த மோசடி பெட்டியின் முகப்பிலேயே இருந்தது. 9 வாட் பல்பு, '100 வாட்டுக்கு இணை' என்று கொட்டை எழுத்தில். லூமென் எவ்வளவு என்று பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இல்லை. பழைய 100 வாட் குண்டு பல்பு, ரகத்தைப் பொறுத்து, சுமார் 1300 முதல் 1600 லூமென் தரும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எல்இடி பல்புகள் வாட்டுக்கு 100 லூமென் அளவில்தான் தருகின்றன. அப்படியானால் 9 வாட்டுக்கு 900 லூமென், அதாவது பழைய 60 வாட் பல்பின் வெளிச்சம். என் கூடத்தில் அந்த அளவுகூட வரவில்லை. சிவப்புத் துணி பழுப்பாகத் தெரிகிறது, முகங்கள் வெளிறித் தெரிகின்றன. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனை சிஆர்ஐ என்பார்கள். 80க்குக் கீழே போனால் இந்தத் தொல்லைதான். அந்த எண்ணும் பெட்டியில் இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனால், "எரியவிட்ட பல்பை எடுக்க மாட்டோம்" என்றார். பில்லில் 'எல்இடி 9 வாட்' என்பதைத் தவிர வேறு எதுவும் எழுதாததால் அவர் மேல் குற்றம் சொல்ல என்னிடம் பிடி எதுவும் இல்லை.

அதனால் பில் போடும்போதே லூமெனையும் கெல்வினையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். சில பல்புகளில் 827, 865 என்று மூன்று இலக்க எண் இருக்கும். முதல் இலக்கமான 8, சிஆர்ஐ 80க்கு மேல் என்பதைக் குறிக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் நிறம்: 27 என்றால் 2700 கெல்வின், 65 என்றால் 6500. பெட்டியில் ஒன்று, பல்பில் வேறொன்று இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.