நகம் கடிப்பதைத் தடுக்கும் கசப்புப் பூச்சு: ஒரு மதிப்பீடு

நகம் கடிக்கும் பழக்கத்தை விடுவதற்கென விற்கப்படும் இந்தக் கசப்புப் பூச்சு, நகப்பூச்சைப் போலவே சிறு தூரிகையுடன் வருகிறது. நிறமில்லாததால் பூசியிருப்பது யாருக்கும் தெரிவதில்லை. கசப்புக்குக் காரணம் டினாட்டோனியம் பென்சோயேட் என்னும் சேர்மம். 1958-இல் ஸ்காட்லாந்தில், உறுப்புகளை மரத்துப்போகச் செய்யும் மருந்துகளைப் பற்றிய ஆய்வின்போது தற்செயலாகக் கண்டறியப்பட்ட இது, உலகின் மிகக் கசப்பான பொருள்களில் ஒன்று. கசப்பை நஞ்சின் அறிகுறியாகக் கொண்டு நாக்கு எச்சரிப்பதால், விரல் வாய்க்குப் போன கணமே கை தானாக விலகுகிறது.

சலிப்பிலோ பதற்றத்திலோ நம்மை அறியாமலே நகத்தைக் கடிக்கிறோம் என்பதால், அந்தக் கசப்பு ஒரு நினைவூட்டலாகவே வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. குறையும் உண்டு. கைகழுவக் கழுவப் பூச்சு தேய்கிறது; அதைவிட மோசம், சோற்றைக் கையால் பிசைந்து உண்ணும் நமக்கு ரசம்கூடக் கசக்கிறது. (மதியச் சாப்பாட்டுக்குக் கரண்டியைத் தேட வேண்டியதாயிற்று.) பூச்சு மட்டும் போதாது, அஸ்ரின், நன் என்னும் உளவியலாளர்கள் 1973-இல் முன்வைத்த பழக்க மாற்றுப் பயிற்சியில் உள்ளபடி, கை எழும்போதெல்லாம் விரல்களை மடக்கி இறுகப் பிடிக்கவும் பழகினால்தான் பலன் நிலைக்கும். கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள்தான். கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுபவர்கள் மட்டும் வாங்க வேண்டாம்.