கார்டியன் உத்தரவா, தத்துப் பத்திரமா? ஒரு தாய்மாமனின் அலசல்

அக்காவும் அத்தானும் ஒரே விபத்தில் போனபோது அவர்கள் மகளுக்கு ஒன்பது வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையே உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "பேசாம தத்து எடுத்துக்க தம்பி, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு நாள் வேலை" என்றார் ஒருவர். "கோர்ட்டுல கார்டியன் ஆர்டர் வாங்கு, அதுதான் பக்கா" என்றார் இன்னொருவர். "பேப்பர் எதுக்கு? மாமன் வீட்டுல வளரட்டும், யாரு கேக்கப் போறா?" என்றார் மூன்றாமவர்.

யார் கேட்பார்கள் என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது. அக்காவின் கணக்கு இருந்த வங்கியில், "நீங்க யாரு?" என்றார்கள். தாய்மாமன் என்றேன். "அதுக்கு என்ன பேப்பர் இருக்கு?" என்றார்கள். சட்டமும் அவர்கள் பக்கம்தான். 1956-ஆம் ஆண்டின் இந்து சிறுவர் காப்பாளர் (கார்டியன்) சட்டம், பிள்ளையை வளர்க்கிறோம் என்ற ஒரே காரணத்தால் யாரும் அந்தப் பிள்ளையின் சொத்தைக் கையாள முடியாது என்கிறது. ஆக மூன்றாவது யோசனை அங்கேயே முடிந்தது. அம்மா அப்பாவில் ஒருவர் உயிரோடு இருந்தால் கதையே வேறு. அவர் தகுதியற்றவர் என்று நிரூபித்தால் ஒழிய நீதிமன்றம் வேறொருவரைக் காப்பாளராக நியமிக்காது. நான் எழுதுவது இருவரும் இல்லாத வீட்டைப் பற்றி.

முதலில் தத்து. சொல்லிவிடுகிறேன், ஆரம்பத்தில் என் மனசும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் நிபந்தனைகள் எங்களுக்குப் பொருந்தின. பிள்ளைக்கு 15 வயது ஆகியிருக்கக் கூடாது. பெண்பிள்ளையைத் தத்தெடுப்பவருக்கு ஏற்கெனவே மகளோ மகன் வழிப் பேத்தியோ இருக்கக் கூடாது. எங்களுக்கு ஒரு பையன் மட்டும்தான். பெண்ணைத் தத்தெடுக்கும் ஆணுக்கும் அவளுக்கும் 21 வயது இடைவெளி வேண்டும், அதுவும் இருந்தது.

ஆனால் அந்த "ஒரு நாள் வேலை" பெற்றோர் கையெழுத்துப் போட உயிரோடு இருக்கும் வீட்டுக்குத்தான். தத்து என்றால் ஒருவர் கொடுக்க வேண்டும், ஒருவர் வாங்க வேண்டும். கொடுக்கிற இரண்டு பேரும் இல்லையென்றால், பிள்ளையின் காப்பாளர்தான் நீதிமன்றத்தின் முன் அனுமதியோடு தத்துக் கொடுக்கலாம் என்கிறது 9-ஆம் பிரிவு. தனக்கே கூடக் கொடுத்துக்கொள்ளலாம், ஆனால் அனுமதி கட்டாயம். எப்படிச் சுற்றினாலும் கோர்ட்டுப் படியைத் தவிர்க்க முடியாது. இதை எங்களுக்குச் சொன்னது பத்திரம் எழுதுபவர் இல்லை. அவர் முத்திரைத்தாள் வாங்கவே சொல்லிவிட்டார். வக்கீல் ஒருவர் தற்செயலாகக் கேட்ட கேள்வியில்தான் தெரிந்தது. அனுமதி இல்லாமல் பதிவு செய்திருந்தால், பத்து வருடம் கழித்து யாராவது ஒரு பங்காளி அதைக் கிழித்துப் போட்டிருப்பார்.

இன்னொரு வழியும் உண்டு. 2015-இன் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் உறவினர் தத்து. இதற்கு மதம் தடையில்லை, சித்தப்பா பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, தாத்தா பாட்டி எல்லாம் 'உறவினர்' கணக்கில் வருவார்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு உத்தரவு போடுவது நீதிமன்றம் இல்லை, மாவட்ட ஆட்சியர். ஏற்கெனவே மகள் இருக்கும் இந்துக் குடும்பத்துக்கும், கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதுதான் தத்துக்கான கதவு. நான் நடந்து பார்க்காத பாதை என்பதால் இதற்கு மேல் நீட்டி முழக்க மாட்டேன்.

நாங்கள் கடைசியில் எடுத்தது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டப்படி கார்டியன் மனு. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் போட வேண்டும். பிள்ளையின் பொறுப்பு மட்டும் என்றால், குடும்ப நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே; சொத்துக்கும் சேர்த்துக் கேட்டால் மாவட்ட நீதிமன்றம். மனுவில் பிள்ளையின் நெருங்கிய உறவுகள் யார் யார், எங்கே இருக்கிறார்கள், என்ன சொத்து, தோராயமாக என்ன மதிப்பு எல்லாம் எழுத வேண்டும். காப்பாளராக வருகிறவர் "எனக்குச் சம்மதம்" என்று தனியாக எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு இணைக்க வேண்டும். நான் அந்த ஒற்றைத் தாளை விட்டுவிட்டுப் போட்டதில் மனு ஒருமுறை திரும்பி வந்தது. மொத்தம் எட்டு மாதம், எத்தனை வாய்தா என்று எண்ணுவதை நடுவில் விட்டுவிட்டேன்.

யோசித்து விருப்பம் சொல்லும் வயது என்றால் பிள்ளையின் மனதையும் நீதிபதி கேட்கலாம். எங்கள் நீதிபதி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்ததும் என்ன கேட்டார் என்றோம். "தலை யார் பின்னி விடுறாங்கன்னு கேட்டாங்க. அத்தைன்னு சொன்னேன். ரொம்ப இறுக்கமாப் பின்னுவாங்கன்னும் சொல்லிட்டேன்" என்றாள். என் மனைவி அன்று பூராவும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சரி, முடிவு செய்தது எது? கணக்கு.

சொத்துக்கும் காப்பாளராக நியமிக்கப்பட்டவர் நீதிமன்றம் கேட்டால் பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், ஆறு மாதத்துக்குள் பிள்ளைக்கு என்ன இருக்கிறது, என்ன கடன் என்று பட்டியல் தாக்கல் செய்ய வேண்டும், சொல்லும் கெடுவில் வரவு செலவு காட்ட வேண்டும். எங்கள் உத்தரவில் வருடத்துக்கு ஒருமுறை என்று இருக்கிறது. வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முன் அனுமதி வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் வாடகைக்கு விடவும் அப்படியே. அக்கா வீட்டை 11 மாத ஒப்பந்தத்தில்தான் விட்டிருக்கிறேன். விபத்து இழப்பீடு தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி அவளுக்கு 18 ஆகும்வரை வைப்புத்தொகையாக இருக்கிறது, வட்டி மட்டும் அவள் செலவுக்கு வருகிறது.

இந்தச் சுமைக்குப் பயந்துதான் நான் தத்தின் பக்கம் சாய்ந்திருந்தேன். தத்தெடுத்த தகப்பனுக்கும் நிலத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும்தான், ஆனால் ரொக்கத்துக்கு வருடாவருடம் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அது வசதி. அந்த வசதியே எங்களுக்கு வினையாகியிருக்கும் என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

அத்தானின் அப்பா கெட்டவர் இல்லை. மகனைப் பறிகொடுத்தவர். மகனின் வீடும் இழப்பீடும் சம்பந்தி வீட்டுக்குப் போகிறது என்று ஊரில் நாலு பேர் பேச, அவருக்கும் அது காதில் விழுந்துகொண்டே இருந்தது. வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை, பேத்தியைப் பார்க்க வருவதைக் குறைத்துக்கொண்டார். முதல் வருடக் கணக்கைத் தாக்கல் செய்ததும் ஒரு நகலை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் வரிவரியாகப் படித்தார். பள்ளிக் கட்டணம், பல் டாக்டர், சைக்கிள். ஒரு வரியில் விரல் நின்றது. "செருப்பு ரெண்டு தடவை வாங்கியிருக்கே?" பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "கால் வளருது தாத்தா" என்றாள். அடுத்த மாதத்திலிருந்து பழையபடி வர ஆரம்பித்தார்.

அதனால் ஒன்று சொல்வேன். பிள்ளையின் பெயரில் பணமோ சொத்தோ இருந்து, இரண்டு பக்கமும் உறவு இருந்தால், கணக்குக் கேட்கும் வழியே நல்லது. ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறேன், மாதக் கடைசியில் ஒரு நோட்டில் ஏற்றுகிறேன். அரை மணி நேர வேலை. முதல் வருடம் இதைச் செய்யாமல் மொத்தமாக உட்கார்ந்து ஒரு வார லீவைத் தொலைத்தேன். பிள்ளையின் பெயரில் எதுவுமே இல்லையென்றால் இந்த வாதத்துக்குப் பாதி பலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வாரிசு உரிமையும் யோசிக்க வைத்தது. தத்துப் போனால் பிறந்த குடும்பத்தோடு சட்ட உறவு அறுந்துவிடும். அக்கா, அத்தான் இறந்தபோதே அவளுக்கு வந்துவிட்ட வீடு அவளுடையதாகவே இருக்கும், அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் தாத்தாவின் நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. முன்னரே இறந்த மகனின் மகள் என்ற முறையில் அவள் அவருக்கு முதல் வகுப்பு வாரிசு, அதாவது அவர் சொத்தில் முதலில் பங்கு பெறுகிறவர்களில் ஒருத்தி. தத்து நடக்கிற நாளிலேயே அந்த வாரிசு உரிமை போய்விடும். தத்தை ரத்து செய்யவும் முடியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்காக நான் போடும் கையெழுத்து அவ்வளவு தூரம் பாயக் கூடாது என்று பட்டது.

அப்புறம் இனிஷியல். புது நோட்டுகளுக்கு லேபிள் ஒட்டும்போது தன் பெயருக்கு முன்னால் அத்தானின் முதல் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுவாள். தத்தெடுத்தால் அந்த இடத்தில் என் எழுத்து வரும். கைக்குழந்தையாக இருந்திருந்தால் இதை நான் யோசித்திருக்கவே மாட்டேன். விவரம் தெரியாத வயதுக் குழந்தை என்றால் தத்தே மேல் என்றுகூடத் தோன்றுகிறது.

கார்டியன் உத்தரவின் குறைகளையும் மறைக்கக் கூடாது. போகிற இடமெல்லாம் சான்றிட்ட நகலைக் காட்ட வேண்டும். என் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் அவளைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். தனி பாலிசி எடுத்தேன். நீதிமன்ற எல்லைக்கு வெளியே அவளைக் குடிமாற்ற அனுமதி கேட்க வேண்டும் என்பதால் ஒரு பதவி உயர்வு மாற்றலைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். கோர்ட்டு காப்பாளரை நியமித்த பிள்ளைக்கு இந்தக் காப்பு 21 வயதுவரை இழுக்கும் என்று பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். முன்பு அப்படித்தான் இருந்தது, 1999 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளுக்கும் 18-தான்.

பெரிய குறை ஒன்று பாக்கி. தத்துப் பிள்ளை என்றால் என் சொத்தில் என் பையனுக்குச் சமமாகத் தானாகவே பங்கு வரும். காப்பில் வளரும் பிள்ளைக்கு என்னிடமிருந்து சட்டப்படி ஒன்றும் வராது, நான் எழுதி வைத்தால் ஒழிய. பையனையும் உட்காரவைத்துப் பேசியாயிற்று. உயிலின் முதல் வரைவு வக்கீல் மேசையில் இருக்கிறது, சாட்சிக் கையெழுத்துக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை தாத்தாவை வரச் சொல்லியிருக்கிறேன்.