ஃபங்ஷன் என்ன திருப்பித் தருகிறது? ப்ராக்ஸியோடு சில வருடங்கள்

மொரீஷியஸில், எபேன் சைபர்சிட்டியில் ஹோட்டல் முன்பதிவு மென்பொருள் எழுதுவது என் வேலை. வெளியிலிருந்து வரும் விலைகளை வாங்கி, வரி சேர்த்து, அடுத்த இடத்துக்கு அனுப்புவதுதான் எங்கள் கோடில் பெரும்பகுதி. எந்த ஃபங்ஷன் எதைத் திருப்பித் தருகிறது என்று பார்ப்பது தினசரித் தேவை. அதற்கு நான் நம்பியிருப்பது ஜாவாஸ்கிரிப்டில் 2015இல் வந்த ப்ராக்ஸியை, அதாவது இன்னொன்றின் முன்னால் நின்று அதற்கு வருவதை இடைமறிக்கும் ஆப்ஜெக்டை.

ஃபங்ஷனை ப்ராக்ஸியில் சுற்றி, அப்ளை ட்ராப் (அழைப்பை இடைமறிக்கும் ஃபங்ஷன்) ஒன்று எழுதினால் ஒவ்வொரு அழைப்பும் முதலில் அங்கே வரும். ரிஃப்ளெக்ட்.அப்ளை மூலம் அசல் ஃபங்ஷனை ஓட்டி, கிடைத்ததைக் குறித்துக்கொண்டு அப்படியே திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். ஃபங்ஷனின் உள்ளே ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம்.

ஒருமுறை, விமான நிலையக் கார் வாடகை 1200 ரூபாய், 15 சதவீத வாட் 180. மொத்தம் 1380 வர வேண்டிய இடத்தில் 1200180 என்று வந்தது. ப்ராக்ஸி மதிப்போடு அதன் டைப்பையும் எழுதியதால், வாடகை எண்ணாக இல்லாமல் ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) வருவது உடனே தெரிந்தது. சரி என்று, ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றும் பார்ஸ்ஃப்ளோட் போட்டோம். இங்கே பலர் பிரெஞ்சு வழக்கப்படி 1200,50 என்று கமா போட்டு எழுதுவார்கள். பார்ஸ்ஃப்ளோட் கமாவோடு நின்று 1200 என்று தந்துவிடும். எந்த எரரும் வராது, 50 சென்ட் மட்டும் காணாமல் போகும். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒரே வரியில் இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. இந்த ஒன்றுக்காகவே ப்ராக்ஸியை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

அசிங்க் ஃபங்ஷனில் கவனம் வேண்டும். அது தருவது ப்ராமிஸ் (பிறகு வரப்போகும் மதிப்புக்கான ஆப்ஜெக்ட்), விலை அல்ல. அதன் தென் (then) மெத்தடைப் போட்டு மதிப்பைக் குறித்துக்கொண்டு, அசல் ப்ராமிஸையே திருப்பித் தர வேண்டும். தோல்விக்கான இரண்டாவது ஹேண்ட்லரையும் கட்டாயம் கொடுங்கள். இல்லையென்றால் தென் உண்டாக்கும் புது ப்ராமிஸின் தோல்வியை யாரும் பிடிக்காமல், நோட்.ஜேஎஸ் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) 15 முதல் ப்ராசஸே விழுந்துவிடும். வேவு பார்க்க வைத்த கோடே சர்வரை நிறுத்தக் கூடாது.

திரும்பி வரும் ஆப்ஜெக்டையும் சுற்றலாமா? நான் சுற்றுவதில்லை. டேட், மேப் இரண்டும் ப்ராக்ஸிக்குப் பின்னால் இருந்தால் அவற்றின் மெத்தட்கள் டைப்எரர் வீசும். பிரைவேட் ஃபீல்டு உள்ள கிளாஸுக்கும் இதே கதி. சுற்றியதும் சுற்றாததும் சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும், அதனால் ஒப்பீடுகளும் உடையும். பின்னால் மாறக்கூடிய ஆப்ஜெக்டாக இருந்தால், வந்த கணத்திலேயே ஒரு நகல் எடுத்து எழுதிவிடுகிறேன்.

ஜாவாஸ்கிரிப்டோடு டைப்களைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்ட் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். டைப்ஸ்கிரிப்டின் டைப்கள் கம்பைல் ஆனதும் அழிந்துவிடும். வெளியார் அனுப்பும் ஜேசன் (JSON) தரவு அதற்கு அப்புறம்தானே வருகிறது.

டெவலப்மென்ட்டிலும் டெஸ்ட்டிலும் எல்லா விலை ஃபங்ஷன்களையும் சுற்றி வைக்கிறேன். ஒவ்வொரு அழைப்புக்கும் கொஞ்சம் கூடுதல் வேலை என்பதால், புரொடக்‌ஷனில் வெளி விலை நுழையும் ஃபங்ஷனில் மட்டும் அது இருக்கிறது.