ஆறாம் வகுப்பு பேண்டுக்கு யமஹா ஒய்சிஎல்-255 கிளாரினெட்: பேண்ட் கையேட்டை வைத்து ஒரு மதிப்புரை

டெக்சஸில் ஆகஸ்ட் மாதம் மிடில் ஸ்கூல் திறந்த கையோடு, பேண்டில் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பையிலிருந்து இரண்டு தாள்கள் வெளியே வரும். ஒன்று பேண்ட் கையேடு. பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டியது. இன்னொன்று வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல். பெரும்பாலான வீடுகளில் முதல் தாளில் கையெழுத்து மட்டும் விழும், இரண்டாவதைத்தான் உட்கார்ந்து படிப்பார்கள். வாங்கப்போகும் வாத்தியம் எட்டாம் வகுப்பு வரை தாங்குமா என்பதற்கான பதில் முதல் தாளில் இருக்கிறது. அதனால் யமஹா ஒய்சிஎல்-255 கிளாரினெட்டை அந்த விதிகளின் மேல் வைத்தே இங்கே நிறுத்துப் பார்க்கலாம்.

முதலில் சாமான். இது பி-ஃபிளாட் கிளாரினெட். உடல் ஏபிஎஸ் பிளாஸ்டிக், 17 கீ (துளைகளை மூடித் திறக்கும் உலோக நெம்புகள்), விரல் துளைகளைச் சுற்றி 6 வளையம், நிக்கல் பூச்சு, 65 மில்லிமீட்டர் பேரல் (ஊதும் முனைக்குக் கீழே வரும் குட்டைக் குழாய்), திருகைத் தளர்த்தி ஏற்றி இறக்கக்கூடிய கட்டைவிரல் தாங்கி, அதிலேயே கழுத்துப்பட்டை மாட்ட ஒரு வளையம். புதிது ஆயிரம் டாலருக்கு மேல் போகும். பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். "வாத்தியம் தினமும் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வர வேண்டும்" என்று கையேட்டில் ஒரு வரி இருக்கும். ஏசி அறையிலிருந்து பேருந்துக்கும் அங்கிருந்து மறுபடி ஏசிக்கும் நாளுக்கு இரண்டு முறை போய்வந்தால் மரக் கிளாரினெட் விரிசல் விடக்கூடும். ஏபிஎஸ் விடாது. ஆனால் உடல் தாங்குகிறது என்பதற்காக நிறுத்திய காருக்குள் விட்டுவிடக் கூடாது. ஆகஸ்ட் வெயிலில் கார் உள்ளே கொதிக்கும்போது துளைகளை மூடும் சிறு மெத்தைகளான பேடுகளை ஒட்டிவைத்திருக்கும் பசை இளகி, பேட் ஒருபக்கம் சாய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், கீழ் ஸ்வரங்கள் மட்டும் வராது. பிள்ளைக்கு ஊதத் தெரியவில்லை என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை நடக்கும்.

இந்தப் பெட்டியில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று: கூடவே வரும் 4சி மவுத்பீஸ், அதாவது வாயில் வைத்து ஊதும் முனை. மோசமானதல்ல, முதல் சில மாதங்களுக்குப் போதும். ஆனாலும் டெக்சஸ் டைரக்டர்கள் (பேண்ட் ஆசிரியர்கள்) தரும் பட்டியல்களில் வாண்டோரன் 5ஆர்வி லைர், எம்13 லைர், பி45 போன்ற ஏதாவது ஒன்றைப் பெயர் சொல்லியே கேட்டிருப்பார்கள். ரீட் என்ற மெல்லிய நாணல் தகட்டை மவுத்பீஸில் பிடித்துவைக்கும் பட்டையான லிகேச்சரும் அப்படித்தான், ரோவ்னர் அல்லது போனேட் என்று இருக்கும். வகுப்பில் இருபது பேரும் ஒரே மாதிரி மவுத்பீஸில் ஊதினால்தான் தவறு பிள்ளையிடமா பொருளிடமா என்று டைரக்டரால் ஒரே கேள்வியில் கண்டுபிடிக்க முடியும். பட்டியலில் இருப்பதை அப்படியே வாங்குங்கள். இணையத்தில் "இதைவிட நல்லது" என்று இன்னொன்றைத் தேடிப்பிடிப்பது இங்கே உதவாது.

மவுத்பீஸ் சரியாக இருக்கிறதா, வாய் சரியாக மூடுகிறதா என்று பார்க்க முதல் வாரங்களில் ஒரு சோதனை வைப்பார்கள். மவுத்பீஸையும் பேரலையும் மட்டும் சேர்த்து ஊதினால் பியானோவின் எஃப் ஷார்ப் வர வேண்டும். நம் வீடுகளில் இதைச் சரிபார்க்க டியூனர்கூட வேண்டாம். சுருதிப்பெட்டி ஆப்பை 4½ கட்டையில் வைத்துவிட்டு ஊதச் சொல்லுங்கள். சுருதிக்குக் கீழே தொங்கினால் வாய் தளர்ந்திருக்கிறது, மேலே ஏறினால் கடிக்கிறார்கள். இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கிளாரினெட்டில் 'சி' என்று எழுதியிருப்பதை ஊதினால் கீபோர்டில் பி-ஃபிளாட் ஒலிக்கும். நம் கணக்கில் 6½ கட்டை. கீபோர்டின் சி-யோடு சேரவில்லை என்று வாத்தியத்தைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அது பிறப்பே அப்படி. திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன் இதே வகை வாத்தியத்தில் கமகம் பேசவைத்து 2008-இல் சங்கீத கலாநிதி ஆனார். ஆனால் அந்த விரல் வித்தையை ஆறாம் வகுப்பு பேண்ட் அறையில் காட்டினால் டைரக்டர் நிறுத்தச் சொல்வார். துளையைப் பாதி மூடுவதும் விரலை இழுப்பதும் அங்கே பிழைக் கணக்கு.

ரீட் பற்றிய விதி எல்லாக் கையேட்டிலும் ஒன்றுதான்: நல்ல நிலையில் மூன்று நான்கு ரீட் எப்போதும் பெட்டியில் இருக்க வேண்டும். ரீட்டின் விறைப்பைச் சொல்லும் எண்ணில் 2½-இல் தொடங்குவார்கள். ரீட்களின் அடிப்பக்கம் 1, 2, 3, 4 என்று பேனாவால் எழுதி, நாளுக்கு ஒன்றாகச் சுற்றில் விடுங்கள். ஒரே ரீட்டைத் தினமும் ஊதினால் ஈரத்தில் ஊறிச் சீக்கிரம் செத்துப்போகும், புது ரீட் போட்ட அன்று வாய்க்குப் பழகாமல் கீச்சிடும். அந்த நாள் பெரும்பாலும் ஊதல் தேர்வு நாளாகவே இருக்கும். வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், இல்லாவிட்டால் தட்டையாக வைக்கும் ரீட் கேஸ் ஒன்று வாங்குங்கள். மவுத்பீஸிலேயே விட்டுவிட்டு மூடினால் நுனி அலையலையாக வளைந்து, கூடவே பூஞ்சையும் பிடிக்கும்.

இந்த வாத்தியம் உடையும் இடம் எது என்று கேட்டால், பெரும்பாலும் பிரிட்ஜ் கீ. மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் சேரும் இடத்தில் இரண்டு சிறு நெம்புகோல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும். மேல் பகுதியின் வளையங்களை இடது விரல்களால் அழுத்தினால் மேல் நெம்புகோல் தூக்கிக்கொள்ளும். இணைப்பின் கார்க்கில் முன்பே கிரீஸ் தடவிக்கொண்டு, அப்படி அழுத்திப் பிடித்தபடியே, இரண்டையும் சிறிது சிறிதாக இடமும் வலமும் திருப்பிச் சேர்க்க வேண்டும். முழுச் சுற்று சுற்றக் கூடாது. வளையத்தை அழுத்த மறந்து தள்ளினால் கீழ் நெம்புகோல் மேல் நெம்புகோலில் இடித்து வளையும். மில்லிமீட்டரில் பாதி வளைந்தாலும் போதும், மேல் பேட் சரியாக மூடாது. சோதிப்பது எளிது. சேர்த்த பிறகு வலதுகை முதல் வளையத்தை மட்டும் அழுத்திப் பாருங்கள், அதனோடு மேல் பகுதியின் வளையமும் பேடும் இறங்கித் துளையை முழுசாக மூட வேண்டும். பாதியில் நின்றால் நீங்களே இடுக்கியால் நிமிர்த்தக் கூடாது. கடைக்கு எடுத்துப்போங்கள்.

மீதியைச் சேர்க்கும் வரிசை: அடியில் மணி (கீழே விரிந்திருக்கும் வாய்), பிறகு கீழ்ப் பகுதி, மேல் பகுதி, பேரல், மவுத்பீஸ். லிகேச்சரை முதலில் மாட்டிவிட்டு ரீட்டை மேலிருந்து உள்ளே சறுக்கிவிடுங்கள். மாறாகச் செய்தால் லிகேச்சரின் விளிம்பு ரீட் நுனியைச் சீவிவிடும். ரீட்டுக்கு மேலே மவுத்பீஸின் நுனி ஒரு முடியளவு தெரிந்தால் போதும். திருகை விரல் நுனியால் பட்டும் படாமலும் இறுக்கினால் சரி. உள்ளங்கையால் முறுக்கினால் ரீட் அதிராது.

கையேட்டில் தினசரி ஒழுங்கு என்று ஒரு பக்கம் இருக்கும். சூயிங்கம் கூடாது, தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது, பெல் அடித்துச் சில நிமிடங்களுக்குள் வாத்தியம் கூட்டி, புத்தகமும் பென்சிலும் ஸ்டாண்டில் இருக்க வேண்டும், டைரக்டர் மேடையில் கால் வைத்ததும் ஒரு ஒலியும் வரக் கூடாது, அடுத்தவர் வாத்தியத்தைத் தொடக் கூடாது. மிலிட்டரி மாதிரி இருக்கிறதே என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். சாப்பாட்டு விதிக்குக் காரணம் பேடுகளில் இருக்கிறது. இனிப்பு கலந்த எச்சில் உள்ளே இறங்கிப் பேடில் காய்ந்தால், கீயைத் தூக்கும்போது பசக்கென்று ஒட்டி எழும். ஜி ஷார்ப் கீயில் இது அடிக்கடி நடக்கும். மாலையில் மிக்சரோ முறுக்கோ தின்றுவிட்டுப் பயிற்சிக்கு உட்காரும் பிள்ளை முதலில் வாய் கொப்பளிக்கட்டும். ஒட்டும் பேடுக்கு மருந்து, மெல்லிய சிகரெட் தாளையோ பேட் தாளையோ உள்ளே வைத்துக் கீயை லேசாக அழுத்தி ஈரத்தை உறிஞ்சவிடுவது. அழுத்தியபடியே தாளை இழுத்தால் பேடின் தோல் கிழியும்.

ஊதி முடித்ததும் உள்ளே ஈரத்தைத் துடைக்கும் ஸ்வாப் துணியைக் கட்டாயம் இழுக்க வேண்டும். மவுத்பீஸைத் தனியே எடுத்துவிட்டு, மணிப்பக்கம் எடைக்கயிற்றைப் போட்டு மேலே இழுங்கள். மேல் பகுதிக்குள்ளே மேல் ஸ்வரங்களுக்கு மாற்றும் ரெஜிஸ்டர் கீயின் சிறு குழாய் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். துணி சுருண்டு போனால் அதில் மாட்டி உள்ளேயே நின்றுவிடும். விரித்துவிட்டு மெதுவாக இழுத்தால் மாட்டாது. மாட்டினால் வந்த வழியே திரும்ப இழுங்கள், முன்னே இழுக்க இழுக்க இன்னும் இறுகும். மவுத்பீஸை வெதுவெதுப்பான நீரில் விரலால் கழுவினால் போதும். எபோனைட் மவுத்பீஸ் வெந்நீரில் பச்சையாக நிறம் மாறும்.

பயிற்சிக் கணக்கு வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்ற அளவில் இருக்கும். தாளில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஞாயிறு இரவு மொத்தமாகப் போடும் கையெழுத்து டைரக்டருக்குத் தெரியாமல் போகாது. திங்கட்கிழமை பிள்ளையின் உதடு சொல்லிவிடும். முதல் இரண்டு மாதம் ஒரே மூச்சில் அரை மணி ஊதினால் வாய் தளர்ந்து கடிக்கத் தொடங்குவார்கள். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து ஊதுவது நல்லது. இந்த மாடலின் கட்டைவிரல் தாங்கி இங்கேதான் காசுக்கு வேலை செய்கிறது. வலது பெருவிரல் நகத்துக்கும் முதல் மூட்டுக்கும் இடையே தாங்கி உட்காரும்படி ஏற்றி இறக்கிவையுங்கள். சிறிய கைக்கு மோதிரவிரல் துளையை முழுசாக மூடாமல் போவதுதான் முதல் வருடக் கீச்சொலிகளுக்கு முக்கியக் காரணம். கூடவே வலது ஆள்காட்டி விரல் பக்கக் கீயில் தெரியாமல் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கச்சேரிகள் மதிப்பெண்ணில் சேரும், வராவிட்டால் பூஜ்யம் என்று எழுதியே இருக்கும். தேதிகள் ஆகஸ்டிலேயே தந்துவிடுவார்கள். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது டிசம்பரில். பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரமே சென்னைக்கு டிக்கெட் போட்டுவிட்டு, குளிர்காலக் கச்சேரி அதே வாரம் என்று நவம்பரில் கண்டுபிடிப்பார்கள். விமான டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கியது தக்க காரணமாகப் பெரும்பாலும் ஏற்கப்படாது. கையேட்டை வாங்கிய அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். உடை கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் காலணி. வெள்ளைக் காலுறை மேடை விளக்கில் பளிச்சென்று தெரியும், அதற்காகவே கறுப்புக் காலுறை என்று தனியாக எழுதியிருப்பார்கள்.

ஏழாம் எட்டாம் வகுப்பில், டெக்சஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யுஐஎல் அமைப்பின் மதிப்பீடு வரும். மேடை வாசிப்புக்கு மூன்று நடுவர், முன்பின் பார்க்காத இசைத்தாளை வாசிக்கும் அறையில் மூன்று நடுவர், 1 என்பது உச்சம், 5 என்பது அடிமட்டம். அந்த அறையில் டைரக்டர் தாளை விளக்கும் நேரத்தில் யாரும் ஊதக் கூடாது, விரல்களை அசைக்கலாம். அதற்குள் கிளாரினெட் ஆறிச் சுருதி இறங்கிவிடும். ஒலி வராமல் சூடான மூச்சை உள்ளே ஊதி வைத்திருப்பது பழகிய பிள்ளையின் அடையாளம். டெக்சஸில் 1984-இல் வந்து 1995-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் போட்டிக்குப் போக முடியாது. ஒத்திகைக்குப் போகலாம். சில மேம்பட்ட பாடங்களுக்கு விலக்கு உண்டு.

வாடகையா, விலைக்கா? முதல் வருடம் வாடகை. பிள்ளை ஜனவரியில் டிரம்ஸுக்குத் தாவினால் வாத்தியத்தை மாற்றிக்கொள்ளலாம், வளைந்த பிரிட்ஜ் கீயையும் வாடகைக் கடைக்காரர்களே நிமிர்த்தித் தருவார்கள். கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: கட்டிய வாடகை விலையில் எவ்வளவு கழியும், பழுதுக் காப்பீட்டில் திருட்டும் சேருமா, பாதியில் திருப்பினால் கட்டணம் உண்டா. மாதம் 35 டாலர் என்று வைத்தால் பத்து மாதத்தில் 350. அது விலையில் முழுசாகக் கழிந்தால் நல்ல பேரம், கழியாவிட்டால் இரண்டாம் வருடமே பழைய 255-ஐயோ அதற்கு முந்தைய ஒய்சிஎல்-250-ஐயோ தேடுவது மேல். இணையத்தில் நூறு டாலருக்கு வரும் வண்ணக் கிளாரினெட்கள் பக்கம் போகாதீர்கள். கீ உலோகம் மென்மையானது, வளைந்தால் ஒடியும், பற்றவைக்கவும் வராது. பல கடைகளில் பழுதுபார்க்கவே எடுக்க மாட்டார்கள்.

பழையது பார்க்கப் போனால் மேல் பகுதியை மட்டும் கையில் எடுங்கள். எல்லாத் துளைகளையும் விரல்களால் மூடி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து காற்றை உறிஞ்சி வாயை எடுக்காமல் பிடியுங்கள். ஐந்து நொடி இறுக்கம் நின்றால் பேடுகள் நல்லவை. உடனே இளகினால் எங்கோ ஒழுகுகிறது, பேட் மாற்றும் கூலியை விலையில் குறைத்துப் பேசுங்கள். பிறகு முழுசாகச் சேர்த்து, நடு இணைப்பை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கார்க் தேய்ந்திருக்கிறது. அது சின்ன வேலை, அதற்காக விட்டுவிட்டு வர வேண்டாம்.