பினாங்கில் ஒரு ரிங்கிட்டுக்குப் பார்த்த இருதயக் கணக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பினாங்கு ஆஸ்பத்திரிகளைப் பற்றி எழுதினால் பெரும்பாலும் பல், கண், முழு உடல் பரிசோதனை என்று எழுதுவார்கள். நான் எழுதப்போவது கொஞ்சம் வேறு. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்த ஒருவருக்கு இருதயம் எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கே எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை, அரசு கிளினிக்கிலும் தனியார் ஆஸ்பத்திரியிலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டில் எது உருப்படி என்று எனக்கு ஒரு தீர்மானம் உண்டு.

நோயாளி என் தம்பி. வயது 52, பட்டர்வொர்த்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறான், நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். வேலை இடத்து மெடிக்கலில் சர்க்கரை ஏறியிருப்பது தெரிந்து, அரசு கிளினிக்கில் எடுத்த எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை, 8.9 சதவீதம் வந்திருந்தது. மலேசியாவில் 6.3 தொட்டாலே நீரிழிவு என்று எழுதிவிடுகிறார்கள். நான் இருக்கும் இங்கிலாந்தில் 6.5. இவனுக்கு எந்த நாட்டுக் கணக்கும் தேவைப்படவில்லை. 2019-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. எங்கள் சொந்தக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து எண்ணினால் அதற்கும் மேலே போகும்.

தம்பி மனைவிக்குத் தனியார் ஆஸ்பத்திரி மேல்தான் நம்பிக்கை. "அக்கா, இருதய விஷயம், காசு பார்க்கக் கூடாது" என்று முதலில் அங்கேதான் இழுத்துப் போனாள். பளபளவென்ற வரவேற்பறை, மேடானிலிருந்து வந்து இறங்கிய இந்தோனேசியக் குடும்பங்கள், காப்பி மெஷின். கவுண்டரில் இருந்த பெண் படங்கள் போட்ட அட்டையை நீட்டி, 'இருதய பேக்கேஜ்' என்றார். ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல். இசிஜி, எக்கோ, டிரெட்மில், கொழுப்பு, சர்க்கரை; கூடக் கொஞ்சம் போட்டால் சிடி ஸ்கேனும் உண்டு. அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் பார்க்கும் சோதனை அதில் இல்லை. கேட்டதற்கு, "அது கிட்னி பேக்கேஜ், மேடம்" என்றார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சிறுநீரில் அல்புமின் துளித்துளியாகக் கசிவது சிறுநீரகத்தின் கதை மட்டும் அல்ல. உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உள்சுவர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. கசிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்தும் கூடுதல். டைப் 2 நீரிழிவு தெரியவரும் நாளில் அது பல வருடம் சத்தமில்லாமல் இருந்திருக்கக்கூடும். அதனால்தான் கண், கால், சிறுநீர் எல்லாவற்றையும் அன்றைக்கே தொடங்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். விலை குறைந்த அந்தச் சோதனையை விட்டுவிட்டு டிரெட்மில்லில் ஓடவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

டிரெட்மில்லே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. நெஞ்சுவலி, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, இசிஜியில் மாற்றம் என்று ஏதாவது இருந்தால் கட்டாயம் வேண்டும். ஒரு தொந்தரவும் இல்லாத நீரிழிவுக்காரர்களை எல்லாம் இருதய ஸ்கேனில் படுக்கவைத்தால் நன்மை உண்டா என்பதை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,123 பேரை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2009-ல் வந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருடம் கழித்தும், ஸ்கேன் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மாரடைப்பிலும் இருதய மரணத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இருதயக் குழாய்களைப் படம் பிடிக்கும் சிடி ஆஞ்சியோவை வைத்து 900 பேரிடம் செய்த இன்னொரு ஆய்வும் 2014-ல் அதே பக்கம்தான் சாய்ந்தது. பேக்கேஜ் அட்டையில் இதெல்லாம் ஏன் இருக்கப்போகிறது? அங்கே இசிஜி மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். தம்பி மனைவி வீடு வரும்வரை பேசவில்லை.

அரசு கிளினிக்கில் மைசெஜாத்ரா செயலியில் நேரம் போட்டிருந்தோம். போட்டும் காத்திருப்புதான். கார் நிறுத்த இடம் தேடியே ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்று. வெறும் வயிற்றில் வந்தவனுக்கு ரத்தம் எடுக்கும்போது பத்து மணி தாண்டிவிட்டது. பக்கத்து நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடை வாசனை ஜன்னல் வழியே வந்து அவனைப் படுத்தியது. பதிவு முகப்பில் ஐசி (அடையாள அட்டை) காட்டி ஒரு ரிங்கிட் கட்டினான். டாக்டர், ரத்தம், மருந்து எல்லாம் அதற்குள். குடியுரிமையை விட்டுவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு ரிங்கிட் கிடையாது, கட்டணமே வேறு. இது ஊரில் இருக்கும் சொந்தங்களுக்காகச் சொல்வது.

ஆனால் உள்ளே நடந்த வேலை நன்றாக இருந்தது. மிசி, அதாவது நர்ஸ், தமிழ்ப் பெண், பாகான் பக்கமாம். பிரஷர் 148/92 வந்ததும் அதை எழுதவில்லை. "அண்ணே, கால் மேல கால் போடாதீங்க, கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்க" என்று சொல்லி மறுபடி அளந்தார். இடுப்பை டேப்பால் சுற்றினார்: 101 சென்டிமீட்டர். நம் ஆசிய உடம்புக்கு ஆண்களுக்கு 90-தான் எல்லை. அப்புறம் கேள்விகள். சிகரெட் எத்தனை, எந்த வயதில் ஆரம்பம், தூக்கத்தில் குறட்டை உண்டா. "அப்பா எதுல தவறினாரு? எந்த வயசுல?" ஐம்பத்து நான்கு, மாரடைப்பு என்று நான் சொன்னதும் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். தகப்பனுக்கு 55 வயதுக்கு முன் வந்த இருதய நோய் பிள்ளைகளின் கணக்கில் தனியாக ஏறும்.

டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரர், பொறுமைசாலி. அடுத்த பத்து வருடத்தில் இருதய நோய் வரும் ஆபத்து எவ்வளவு என்று கணினியில் போட்டுக் காட்டினார். 20 சதவீதத்தைத் தாண்டியது. ஃபிரேமிங்ஹம் கணக்கு அது. மசாசூசெட்ஸில் ஒரு சின்ன ஊரில் 1948-ல் தொடங்கிய ஆய்விலிருந்து பிறந்தது. அந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். அதில் நீரிழிவு உண்டா இல்லையா என்று ஒரே ஒரு கட்டம். நேற்றுத் தெரிந்தவனுக்கும் இருபது வருடமாக இன்சுலின் போடுகிறவருக்கும் ஒரே டிக். குடும்பத்தில் இளவயதில் இருதய நோய் வந்ததா என்றும் அது கேட்காது, இனத்தையும் கேட்காது. இங்கிலாந்தில் பார்க்கும் கியூரிஸ்க்3 என்ற கணக்கு இந்த இரண்டையும் கேட்கும், ஆனால் அது அந்த நாட்டு மக்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நீரிழிவு எத்தனை வருடம், எச்பிஏ1சி எவ்வளவு என்று கேட்கும் கணக்கு ஒன்று 2001-லேயே யுகேபிடிஎஸ் என்ற பிரிட்டன் நீரிழிவு ஆய்விலிருந்து வந்தது. புதிதாக நீரிழிவு தெரிந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்த ஆய்வு அது. இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னதன் சாரம்: எந்தக் கணக்கைப் போட்டாலும் இவருக்குச் செய்ய வேண்டியது மாறாது, நாற்பது தாண்டிய நீரிழிவுக்காரருக்குக் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் ஸ்டேட்டின் என்ற கொழுப்பு மாத்திரை உண்டு, இவருக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 3.9 வேறு. எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

சிறுநீர் அல்புமின் 6.8 வந்தது. ஆண்களுக்கு 2.5-க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு தடவை வந்ததை வைத்து முத்திரை குத்தமாட்டோம், காய்ச்சல், கடும் உழைப்பு இருந்தாலும் ஏறும், மறுபடி பார்ப்போம் என்றார். இசிஜியில் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில்தான் தம்பி, "அப்ப ஹார்ட் நல்லா இருக்குதானே" என்று எழுந்துவிட்டான். டாக்டர் உட்காரவைத்தார். படுத்திருக்கும்போது எடுத்த இசிஜி பழைய மாரடைப்புத் தழும்பையோ துடிப்புக் கோளாறையோ காட்டலாம். குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் அது சாதாரணமாகவே வரலாம். நீரிழிவுக்காரர்களில் சிலருக்கு மாரடைப்பே வலியில்லாமல் வந்துபோகும். மூச்சுத் திணறல், காரணமில்லாத வியர்வை, திடீர்ச் சோர்வு வந்தால் லாரியை ஓரம் கட்டிவிட்டு நேரே அவசரப் பிரிவுக்கு வா என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மருந்து: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கொழுப்புக்கு ஸ்டேட்டின், பிரஷருக்கு ஒன்று. "சர்க்கரைக்கு வந்தா மூணு மாத்திரை தர்றாங்கக்கா" என்று வெளியே வந்து புலம்பினான். யுகேபிடிஎஸ் ஆட்களை ஆய்வு முடிந்தும் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 2008-ல் வெளியிட்டதை அவனுக்கு மீ கோரிங் கடையில் வைத்துச் சொன்னேன். ஆரம்பத்திலேயே சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு, பின்னால் மற்றவர்களோடு அளவு ஒன்றாகிப்போன பிறகும் மாரடைப்பு குறைவாகவே வந்தது. அதைக் கேட்டானோ இல்லையோ, இனிப்பான பால் டீயான தே தாரேயைத் தள்ளிவிட்டு, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் சொன்னான். உணவு ஆலோசகர் சொன்ன 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டு, அதாவது கால் சோறு, கால் மீன் அல்லது கறி, பாதி காய்கறியும் பழமும், நாசி கண்டார் கடையில் நடக்குமா என்பது வேறு விஷயம். குழம்பை வெள்ளமாக ஊற்றிய பிறகு பாதியை எங்கே தேடுவது?

குறைகளும் உண்டு. கண் படம் எடுக்க வேறொரு நாள் வரச் சொன்னார்கள், லாரிக்காரனுக்கு அது இன்னொரு நாள் சம்பளம். மருந்து முகப்பில் எண் கூப்பிடும் ஒலிபெருக்கி புரியவே இல்லை. சிகரெட் நிறுத்தும் கிளினிக் அதே கட்டடத்தில் இருந்தும் யாரும் அவனை அங்கே கூட்டிப்போகவில்லை. மிசியிடம் நானே கேட்டுப் பெயர் கொடுத்தேன். பத்து வருட ஆபத்தை அதிகம் இறக்கக்கூடிய விஷயங்களில் ஒன்றை இப்படிக் கேட்டுத்தான் வாங்க வேண்டுமா என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

ஊரில் யாருக்காவது புதிதாகத் தெரிந்திருந்தால், போகும்போது அப்பா அம்மாவுக்கு இருதய நோய் வந்த வயதை எழுதிக்கொண்டு போங்கள், சிறுநீர் அல்புமின் எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள், இசிஜி தாளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அந்தத் தாளில் உள்ள பதிவு சீக்கிரம் மங்கிவிடுகிறது. அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு அதுதான் வேண்டும். தம்பிக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை மூன்று மாதத்தில். செலவு இன்னொரு ரிங்கிட், கார் நிறுத்த எவ்வளவு ஆகுமோ அது தனி.