மூட்டையா, பொட்டலமா, வேறு பிராண்டா: விலை ஏறும்போது மளிகையில் எதை மாற்றினால் காசு மிஞ்சும்?

2022 மார்ச்சில் உலக உணவு விலைகள் உச்சம் தொட்டன. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் விலைக் குறியீடு அதற்கு முன் அவ்வளவு உயரத்துக்குப் போனதே இல்லை. பிறகு பன்னிரண்டு மாதம் விடாமல் இறங்கி, 2023 மார்ச்சில் உச்சத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கீழே வந்துவிட்டது. அதே 2023 மார்ச்சில் பிரிட்டனில் கடைகளில் உணவு விலை முந்தைய ஆண்டைவிட 19 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. உலகச் சந்தையில் இறக்கம், கடையில் ஏற்றம், இரண்டும் ஒரே மாதத்தில்.

மளிகை விலை ஏறும்போது லிஃப்டில் போகும், இறங்கும்போது படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து வரும். நடுவில் முன்கூட்டியே போட்ட கொள்முதல் ஒப்பந்தம், கிடங்கில் இருக்கும் பழைய சரக்கு, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் நிற்கின்றன. செய்தியைப் பார்த்ததும் ஓடிப்போய் வாங்கிக் குவிக்கிறவர் பெரும்பாலும் உச்சத்தில் வாங்குகிறார். வீட்டின் கையில் இருப்பது வேறு சில திருகுகள்: பொருளின் வடிவம், எண்ணெயின் வகை, எங்கிருந்து வந்தது, எவ்வளவு பெரிய பொதி, எந்தப் பிராண்ட். எல்லாம் ஒரே அளவு பலன் தருவதில்லை.

மாவா, ரொட்டியா

ஒரு கிலோ மாவின் விலையில் கோதுமையின் பங்கு 60 சதவீதம், ஒரு பாக்கெட் ரொட்டியில் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கோதுமை 40 சதவீதம் ஏறினால் மாவு 24 சதவீதம் ஏறும். ரொட்டி 4 சதவீதம்தான். ரொட்டியின் மீதி விலை கூலி, அடுப்பு எரிபொருள், உறை, வாடகை, வண்டிச் செலவு. அதனால் அதிர்ச்சி வந்த முதல் மாதத்தில் ரொட்டிதான் சாதுவாகத் தெரியும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் கோதுமையோடு மாவு இறங்கியிருக்கும். ரொட்டி இறங்காது, ஏனென்றால் ஏறிய கூலியும் வாடகையும் திரும்ப இறங்குவதில்லை. ஆக, நீண்ட ஓட்டத்தில் மாவு ஜெயிக்கும். ஒரே நிபந்தனை: பெரிய ஓவனை ஒற்றை ரொட்டிக்காகச் சூடாக்கினால், மாவில் மிஞ்சியது மின்கட்டணத்தில் போய்விடும். இரண்டு மூன்றாகச் சுட்டு உறையவைப்பதுதான் கணக்குக்குச் சரி.

அரிசியின் குணம் வேறு. உலகில் விளையும் கோதுமையில் சுமார் கால் பங்கு எல்லை தாண்டி விற்பனையாகிறது. அரிசியில் பத்தில் ஒரு பங்குதான். சந்தை அவ்வளவு ஒல்லி என்பதால் ஒரு நாடு கதவைச் சாத்தினால் மொத்தமும் ஆடும். உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் வைத்திருந்த இந்தியா 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த மாதமே உலக அரிசி விலைக் குறியீடு 15 ஆண்டு உச்சத்துக்குப் போனது. தடை விலகியது 2024 செப்டம்பரில். அரிசியை இறக்குமதி செய்யும் நாட்டில் இருப்பவருக்கு இது உடனே கையைக் கடிக்கும். தடை போட்ட நாட்டின் வீடுகளுக்கோ அதே நடவடிக்கை விலையை அடக்கிவைக்கும் கடிவாளம். எதையும் மாற்றுமுன் ‘இந்தப் பொருளை நம் நாடு வெளியிலிருந்து வாங்குகிறதா?’ என்று பார்ப்பது அதனால்தான் முதல் வேலை.

நான்கு எண்ணெய்கள்

உலக வணிகம் சமையலறைக்குள் நேராக நுழையும் வாசல் எண்ணெய்தான். 2022 மார்ச்சில் தாவர எண்ணெய்களின் விலைக் குறியீடு, 2014-16 சராசரியைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கில் நின்றது. தானியமோ இறைச்சியோ அந்த அளவுக்குப் போகவில்லை.

பாமாயில் பெரும்பாலும் மலிவானது. பொரிக்கும் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் காறாது. ஆனால் அதன் கொழுப்பில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற வகை. குளிரில் கலங்கி உறையும். அது கெட்டுப்போன அடையாளம் இல்லை, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் தெளிந்துவிடும். உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் இந்தோனேசியா, மலேசியா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருவதுதான் இதன் பலவீனம். 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது அது வெளிச்சமானது.

சூரியகாந்தியில் நிறைவுற்ற கொழுப்பு 11 சதவீதம் அளவில்தான். ஆனால் சாதாரண வகை, மூடி திறந்தபின் காற்றோடு சீக்கிரம் வினைபுரிந்து காறும். ஓலிக் அமிலம் என்ற கொழுப்பு அதிகமுள்ள ரகம் என்று உறையில் போட்டிருந்தால் கூடுதல் நாள் தாங்கும். உற்பத்தியில் பாதிக்கு மேல் உக்ரைனும் ரஷ்யாவும். 2022 பிப்ரவரியில் இரண்டுக்கும் இடையே போர் மூண்டதும் அந்தச் சரக்கு தடைபட்டது. சோயாவில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 15 சதவீதம். பிரேசில், அமெரிக்கா, அர்ஜென்டினா என்று பரவிக்கிடப்பதால் ஓரிடத்துப் பிரச்சினை முழுதாகச் சாய்த்துவிடாது. ஆனால் விதையில் ஐந்தில் ஒரு பங்குதான் எண்ணெய், மீதி பெரும்பாலும் கால்நடைத் தீவனப் பிண்ணாக்கு. அதனால் கோழிப்பண்ணைத் தேவையும் பயோடீசல் தேவையும் சேர்ந்து இதன் விலையை இழுக்கும். ஆலிவ் எண்ணெய் தனி உலகம். ஸ்பெயினில் வறட்சி வந்து 2022-23 பருவ விளைச்சல் பாதிக்கும் கீழே சரிந்ததும் விலை எகிறியது. போர் நின்றால் கப்பல் ஓடும். மரம் காய்க்க அடுத்த நல்ல மழைக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் லாபமா? நினைப்பதைவிடக் குறைவு. ஏனென்றால் ஆலைகளும் பிஸ்கட் நிறுவனங்களும் அதே நாளில் தாவுகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் சூரியகாந்தி கிடைக்காமல் எல்லோரும் பாமாயில் பக்கம் திரும்ப, வழக்கமாக மலிவான பாமாயில் உலக வணிகத்தின் முக்கிய நான்கு தாவர எண்ணெய்களில் (பாம், சோயா, சூரியகாந்தி, ராப்சீட் என்ற கடுகின விதை) விலை கூடியதாக ஆனது. வீட்டில் அளவைக் குறைப்பது இதைவிடப் பலமான கருவி. ஒரு மேசைக்கரண்டி 15 மி.லி. தினமும் ஒரே ஒரு கரண்டி குறைத்தால் மாதத்துக்கு 450 மி.லி. மாதம் மூன்று லிட்டர் செலவழிக்கும் வீட்டுக்கு அது 15 சதவீதம். போத்தலைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டுக் கரண்டியால் அளந்தாலே இது நடக்கும்.

எண்ணெயில் ஏமாறும் இடம் அளவுதான். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை 910 முதல் 920 கிராம். ஒரு போத்தலில் ‘1 லிட்டர்’, பக்கத்தில் இன்னொன்றில் ‘1 கிலோ’ என்றிருந்தால் இரண்டும் ஒன்றல்ல. கிலோ போத்தலில் சுமார் 9 சதவீதம் அதிகம் இருக்கிறது. விலையை ஒப்பிடுமுன் லிட்டரை 0.915-ஆல் பெருக்கி எடையாக்கிக்கொள்ளுங்கள். கலப்பு எண்ணெய் என்றால் பின்பக்கம் பார்க்காமல் வாங்கவே கூடாது: விலை ஏறும் காலத்தில் முன்பக்கப் படம் மாறாது, உள்ளே இருக்கும் விகிதம் மாறும்.

வெளிநாட்டுச் சரக்கும் உள்ளூர்ச் சரக்கும்

உலக கண்டெய்னர் கட்டணக் குறியீட்டின்படி 40 அடிப் பெட்டி ஒன்றின் சராசரிக் கட்டணம் 2019-இல் 1,400 டாலர் சொச்சம். 2021 செப்டம்பரில் அது 10,000 டாலரைத் தாண்டியது. பெட்டியில் 26 டன் கனமான சரக்கு ஏற்றினால் கிலோவுக்கு 5 சென்டாக இருந்த கூலி 38 சென்டாகும். இதே பெட்டியில் காற்றடைத்த சிப்ஸ், தானியச் செதில் மாதிரி இடமடைக்கும் சரக்கு 6 டன் மட்டுமே ஏறுகிறது என்றால் கிலோவுக்கு 23 சென்டாக இருந்தது 1.67 டாலராகும். கப்பல் கூலி ஏறும்போது முதலில் விட வேண்டியது இலேசான, பருமனான இறக்குமதித் தின்பண்டம். பெரிய தானியக் கப்பலில் கொட்டி வரும் கோதுமைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2023 இறுதியில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள்மீது தாக்குதல்கள் தொடங்கியபின் அவை ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனபோது, ஆசிய-ஐரோப்பியப் பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. ஒரே பெட்டி ஆண்டுக்கு அடிக்கும் நடை குறைந்தால் கூலி ஏறாமல் என்ன செய்யும்?

நாணயமும் வரியும் இதன்மேல் ஏறும். டாலருக்கு 100 கொடுத்த இடத்தில் 110 கொடுக்க நேர்ந்தால், உலகச் சந்தையில் விலை அசையாவிட்டாலும் இறக்குமதி 10 சதவீதம் கூடும். பெரும்பாலான நாடுகளில் சதவீத வரி, சரக்கு விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு விதிக்கப்படுகிறது. அதாவது கூலி ஏறினால் வரியும் தானாக ஏறும்.

அப்படியானால் உள்ளூர்ப் பொருள் எப்போதும் மலிவா? இல்லை. நைட்ரஜன் உரம் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. டீசலும் தீவனமும் உலக விலையிலேயே ஓடுகின்றன. எரிவாயு ஏறினால் ஒரு பருவம் கழித்து உள்ளூர்க் காய்கறியிலும் அது தெரியும். இறக்குமதிச் சரக்கு விலை கூடினால் உள்ளூர் விற்பனையாளர் அதற்குச் சற்றுக் கீழே தன் விலையை வைப்பதும் சகஜம். உள்ளூர் நிச்சயமாக ஜெயிக்கும் இடம், அந்தப் பருவத்தில் திறந்த வயலில் விளைவது. பருவம் தப்பிச் சூடேற்றிய கூடாரத்தில் வளர்த்த உள்ளூர்த் தக்காளி, வெயில் நாட்டிலிருந்து லாரியில் வந்ததைவிட விலை கூடுதலாக இருந்தால் அதில் அதிசயம் இல்லை.

மூட்டையும் பொட்டலமும்

விலைவாசி ஏறும்போது ‘வாங்கிப் போட்டால் லாபம்’ என்பது பாதி உண்மை. ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம். மூன்று மாதச் சரக்கை இன்று வாங்கிச் சீராகச் செலவழித்தால், சராசரியாக ஒன்றரை மாதம்தான் அது கையில் இருக்கிறது. ஆக லாபம் ஒன்றரை சதவீதம். மாதம் 3 சதவீத வட்டி போடும் கிரெடிட் கார்டில் கடன் வைத்து வாங்கினால் நஷ்டம். மூட்டையில் உண்மையான லாபம் மொத்த விலைத் தள்ளுபடியில்தான் இருக்கிறது, அதையும் கழிவு தின்றுவிடும். பத்து கிலோ மூட்டை கிலோவுக்கு 12 சதவீதம் மலிவு என்றால், அதில் 1.2 கிலோ கெட்டாலே சிறு பொட்டலத்தோடு சமமாகிவிடும். அதற்கு மேல் கெடுவதெல்லாம் சொந்தக் காசு.

எது எவ்வளவு நாள் தாங்கும் என்பதே முடிவு. வெள்ளை அரிசி காற்றுப் புகாமல் வைத்தால் ஓராண்டு தாராளம். தவிடு நீக்காத அரிசி ஆறு மாதம். முழுக்கோதுமை மாவில் முளைக்கரு எண்ணெய் இருப்பதால் சாதாரண வெப்பத்தில் ஒன்று முதல் மூன்று மாதத்தில் காறல் வாடை வரும். அதில் மூட்டை வாங்குவது பெரிய குடும்பத்துக்குத்தான் ஒத்துவரும். பருப்பு கெடாது, ஆனால் சூடும் ஈரமுமான இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் வேக மறுக்கும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். எண்ணெயில் 15 லிட்டர் டின்னைத் திறந்துவைத்து தினமும் காற்றுப்பட விடுவதைவிட, ஒரு லிட்டர் போத்தல்களை மூடியபடியே அடுக்கி ஒவ்வொன்றாகத் திறப்பது மேல்.

வண்டு பெரும்பாலும் கடையிலிருந்தே முட்டையாக வருகிறது. தானியத்தை ஒன்றிரண்டு கிலோவாகப் பிரித்துக் கட்டி, -18 டிகிரி உறைபெட்டியில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் சாகும். மூட்டையை அப்படியே உள்ளே தள்ளினால் நடுப்பகுதி அந்தக் குளிரை எட்டவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. பொட்டலம் அறை வெப்பத்துக்கு வரும்வரை, ஓர் இரவாவது, மூடியே இருக்கட்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த தானியத்தின் மேல் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். அடுத்த தவறு, டப்பாவின் அடியில் பழையது இருக்க அதன்மேல் புதியதைக் கொட்டுவது. அடியில் இருக்கும் வண்டு ஒரு வாரத்தில் மேலே வந்துவிடும். காலி செய்து, துடைத்து, உலர்த்தி, பிறகு கொட்ட வேண்டும்.

பிராண்டும் கடையின் சொந்தச் சரக்கும்

சர்க்கரை, உப்பு, வெள்ளை மாவு போன்றவற்றில் பெரிய பெயருக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். கலவைப் பொருளில் மட்டும் கவனம் வேண்டும். சேர்மானங்கள் எடை அதிகமுள்ளதிலிருந்து வரிசையாக எழுதப்படும். இரண்டு உறைகளின் முதல் மூன்று பெயர்கள் ஒன்றாக இருந்தால் மலிவானதை எடுத்துக்கொள்ளலாம். 2024 டிசம்பரில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. இப்படிப்பட்ட நேரத்தில் கோகோவைக் குறைத்து வேறு கொழுப்பு சேர்ப்பது நடக்கும். ‘சாக்லேட்’ என்பது ‘சாக்லேட் சுவை’ என்று மாறியிருந்தால் அதுதான் தடயம். விலை மாறாமல் 500 கிராம் 450 ஆனால் 11 சதவீத விலையேற்றம். பிரான்ஸில் 2024 ஜூலை 1 முதல் பெரிய கடைகள் இப்படிச் சுருங்கிய பொருளுக்கு இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். மற்ற இடங்களில் பழைய காலிப் பாக்கெட் ஒன்றைத் தூக்கிப்போடாமல் வைத்திருப்பதுதான் சாட்சி.

டப்பாவில் அடைத்த கடலைக்கும் பயறுக்கும் கிலோ விலை அட்டைகூடப் போதாது, அந்த விலை எந்த எடைக்குப் போட்டது என்று பார்க்க வேண்டும். 400 கிராம் டப்பா இரண்டு. ஒன்றில் தண்ணீர் வடித்த எடை 240 கிராம், விலை 100. இன்னொன்றில் வடித்த எடை 265, விலை 108. டப்பா எடையில் பார்த்தால் முதலாவது மலிவு. வடித்தபின் 100 கிராமுக்கு முதலாவது 41.7, இரண்டாவது 40.8.